சிக்கன வாரியம் சாப்பிட வந்த கதை

ஜன்னல் என்று ஒன்று இருந்தால்தானே அதைச் சாத்த முடியும்? கரிமாவின் வீட்டில் ஜன்னல் கிடையாது. ஜன்னல் வர வேண்டிய இடத்தில், ஒரு ஆள் கையை விரித்து நின்றால் நிறைகிற அளவுக்கு ஓட்டை மட்டும் இருந்தது. கெய்ரோவின் இம்பாபாவில், எங்கள் சந்தில் எழும்பும் கட்டடங்கள் எல்லாம் அப்படித்தான். செங்கல் வரைக்கும் கட்டியவர் பொறுப்பு. காற்று, மழை, தூசி எல்லாம் குடிவருகிறவர் பொறுப்பு. கரிமாவும் அவள் புருஷன் மித்ஹத்தும் அந்த ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கோடையில் அது பாவம் போலத் தொங்கும். ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று கிளம்பிவிட்டால், கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

போன குளிர்காலம் முழுக்க அவர்கள் மகள் ருகையா இருமினாள். கைக்குழந்தை. இருமி முடித்ததும், இருமியது யார் என்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். மருந்து எழுதி எழுதி அலுத்துப்போன டாக்டரம்மா கடைசியில் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"இதோ பாரும்மா, நான் எழுதுறதெல்லாம் அந்த ஓட்டை வழியா வெளியில போயிடுது. அடுத்த குளிருக்குள்ள அதை அடைச்சிடு. இன்னொரு குளிரை இந்த நெஞ்சு தாங்காது."

அதற்காகச் சேமித்தார்கள். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்ட ஜன்னல் ஒன்று. அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

மித்ஹத் செருப்புப் பட்டறையில் அடித்தோல் ஒட்டுபவன். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கப் பாலத்தைக் கடந்து நடந்தே போவான். செருப்புத் தேயுமே என்றால், "ஒட்டுறவன் நான்தானே" என்பான். கரிமா வாரத்துக்கு வேண்டிய மொச்சையை ஒரே தடவையில் சிறு தீயில் வேக வைப்பாள். அவள் பானைக்கு மேல் எதிர்வீட்டுக்காரியான என் பானையையும் ஏற்றிவிடுவாள். ஒரே நெருப்பில் இரண்டு வீட்டு மொச்சையும் வெந்துவிடும். கோழிக்கடையில் கழுத்தும் காலும் வாங்கி வந்து ரசம் வைப்பாள். ருகையா குளித்த தண்ணீர் மாடிப்படி கழுவும். மித்ஹத்தின் பழைய அங்கி ருகையாவுக்கு அணைத்துணியாகிவிட்டது. அந்த வீட்டில் அறைக்கு ஒரு ஹோல்டர் உண்டு, பல்பு மட்டும் ஒன்றே ஒன்று. எந்த அறைக்குப் போகிறார்களோ அந்த அறைக்குப் பல்பையும் துண்டில் சுற்றிக் கையோடு எடுத்துப் போவார்கள்.

மிச்சம் பிடித்த காசை நீஷுக்குள் வைத்தார்கள்.

நீஷ் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பெண் புகுந்த வீடு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி அலமாரி. கரிமாவினுடையதில் கதவு இரண்டும் ஆள் உயரக் கண்ணாடி, அதில் தங்க நிறத்தில் திராட்சைக்கொடி போட்டிருக்கும். உள்ளே தங்க விளிம்பு போட்ட தட்டுகள், கோப்பைகள், மூடி போட்ட பெரிய சூப் கிண்ணம். ஒன்றுகூடச் சாப்பாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. கரிமாவின் அம்மா நபவிய்யா, பெண் வயிற்றில் இருந்தபோதே சீட்டுப் போட்டுச் சேர்த்தது அது.

"இதையெல்லாம் எப்பம்மா எடுக்கலாம்?" என்று கல்யாணத்தன்று கரிமா கேட்டாள்.

"பெரிய விருந்தாளி வந்தா எடு."

"எவ்வளவு பெரிய விருந்தாளி?"

"அவ்வளவு பெரிய விருந்தாளி இன்னும் பொறக்கலை" என்றாள் நபவிய்யா.

யாரும் திறக்காத இடம் என்பதால் சூப் கிண்ணத்தைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை. கிண்ணம் மெல்ல மெல்ல நிறைந்தது. கோடை முடிய இன்னும் நாள் இருந்தது. எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் குடும்பச் சிக்கன வழிகாட்டு வாரியம் அவர்களைக் கண்டுபிடித்தது.

மின்சாரம் இவ்வளவு குறைவாக ஓடுகிற வீட்டில் திருட்டுத்தான் நடக்கும் என்று அந்த வாரியத்தின் அதிகாரிகள் இருவர் ஐந்து மாடி ஏறி வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கம்பியைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு கரிமா குழந்தையைத் தூங்க வைக்க உள்ளறைக்குப் போகும்போது பல்பைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். அதிகாரிகள் இருட்டில் நின்றார்கள். இருவரில் மூத்தவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. வாரியத்தில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் அவர் சிக்கனத்தை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு தலைமையகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். பளிங்குப் படிக்கட்டு. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே திரையெல்லாம் இழுத்துவிட்டு நூறு விளக்கு எரிந்தது. சுவரில், "பகலில் விளக்கு எதற்கு?" என்ற வாசகம் பச்சை விளக்கில் மின்னி மின்னி அணைந்தது. குளிரூட்டிகள் போட்ட போட்டில் ருகையா அங்கேயே ரெண்டு தரம் இருமினாள்.

தலைவர் டாக்டர் ஷவ்கி பேசினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சர்க்கரைக் கரண்டியில் பட்டம் வாங்கிய டாக்டர்.

"சகோதர சகோதரிகளே! 'சர்க்கரைக் கரண்டியின் குழிவும் குடும்ப வருமானமும்' என்ற என் ஆய்வுக்காக நான் பல நாடுகளுக்குப் பயணம் செய்தேன். ஒவ்வொரு நாட்டிலும் மாதக்கணக்கில் தங்கினேன். முடிவில் ஓர் உண்மையைக் கண்டறிந்தேன். எல்லா நாட்டிலும் கரண்டி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது! இந்த உண்மையை உங்கள் பாதங்களில் சமர்ப்பிக்க இந்த நாடு செலவழித்த தொகையை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மித்ஹத்தின் குடும்பம் இந்த ஆண்டின் 'முன்மாதிரிக் குடும்பம்' என்று அறிவித்தார்கள். ஆண்டு முடிவில் வீட்டு மேம்பாட்டுப் பரிசு உண்டு என்றார்கள்.

கரிமா, சமையலறைப் பிரிவின் தலைவி மேடம் சுஹைரைத் தனியே பிடித்துக்கொண்டாள். "மேடம், அந்தப் பரிசு ஜன்னலா இருக்கலாமா? குழந்தைக்கு நெஞ்சுல சளி. குளிர் வர்றதுக்குள்ள…"

"ஜன்னல்தானே?" மேடம் சுஹைர் அவள் கன்னத்தைத் தட்டினாள். "உனக்கு ஜன்னல் இல்லாம வேற யாருக்குடி ஜன்னல்? நீ கவலையை விடு. நாங்க சும்மா ஒரு தரம் வந்து, எப்படிச் சிக்கனமா இருக்கீங்கன்னு பார்த்துட்டுப் போறோம்."

சும்மா ஒரு தரம்.

பிள்ளைகளா, இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் படகுக்காரன் அழைப்பு என்று ஒன்று உண்டு. நடு ஆற்றில் சாப்பிட உட்கார்ந்த படகுக்காரன், கரையில் போகிறவனைப் பார்த்து, "வா சாப்பிடலாம்!" என்று கத்துவான். கரையில் போகிறவன், "நல்லா இருப்பா!" என்று கையசைத்துவிட்டுப் போவான். இருவருக்கும் மரியாதை, யாருக்கும் செலவில்லை. வீட்டிலும் அப்படித்தான். வந்தவரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்பார். 'அல்லாஹ்மேல் ஆணை' என்று சத்தியம் போட்டு வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்பார். அந்த இழுபறிக்குள் வீட்டுக்காரி சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வாள். விருந்தாளி அவள் முகத்தைப் பார்த்து, அவசர வேலை ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பலபேர் மானம் அந்த இழுபறியில்தான் நிற்கிறது.

மேடம் சுஹைரும் கூட வந்தவர்களும் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். எலுமிச்சைச் சாறு குடித்தார்கள். பல்பைத் துண்டோடு படம் எடுத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் மித்ஹத் வழக்கப்படி, "அதெப்படி? ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.

"சரி" என்றாள் மேடம் சுஹைர்.

மித்ஹத் அடுத்த ஆணையை வாயில் தயாராக வைத்திருந்தான். அது அங்கேயே நின்றுவிட்டது.

"என்னப்பா முழிக்கிறே? எங்க வாரியத்துல போன வருஷமே சுற்றறிக்கை வந்தாச்சு. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்கிறது நேர விரயம். அதிகாரிகள் முதல் அழைப்பிலேயே உட்காந்திடணும். உட்காருங்க எல்லாரும்!"

கழுத்தையும் காலையும் அதிகாரிகளுக்குப் போட முடியுமா? கரிமா பால்கனிப் பக்கம் போய்க் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். கீழே கோழிக்கடைக்காரன் முழுக்கோழியை வைக்கும்போது அண்ணாந்து பார்த்தான். "யாருக்கும்மா கல்யாணம்?" என்றான்.

சூப் கிண்ணத்திலிருந்து காசு எடுத்தது அன்றுதான் முதல் தடவை.

எலும்பை உறிஞ்சி முடித்த மேடம் சுஹைர் குறிப்பேட்டில் எழுதச் சொன்னாள்: "சிக்கனத்தைக் கடைப்பிடிக்கும் குடும்பம் தினமும் கோழி சாப்பிட முடியும் என்பது நேரில் நிரூபணம்."

அந்தக் குறிப்பு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பெனி சுவேஃப் ஊரிலிருந்து ஒரு குழு வந்தது. பிறகு வாரியத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்சிக்காக அழைத்து வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். வெளிநாட்டுக்காரர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இருவருக்குமாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு குழுவும் நீஷுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. பின்னால் தங்கத் திராட்சைக்கொடி தெரிய வேண்டுமாம். பிளாஸ்டிக் தாள் தெரியாமலிருக்க அதன்மேல் ஒரு போர்வையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மித்ஹத்தான் பிடித்துக்கொள்வான். பத்திரிகைப் படங்களில் அவன் கை மட்டும் தெரியும்.

ஒருநாள் அவன் வாரியத்துக்கே போய்விட்டான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வர்றவங்களைக் கொஞ்சம் குறைச்சா நல்லது. ஜன்னலுக்குச் சேர்த்தது கரையுது."

மேடம் சுஹைர் பதறிப்போனாள். "முன்மாதிரிக் குடும்பத்துல சேமிப்பு கரையுதா? ஐயையோ! வெளியில சொல்லாதேப்பா. உடனே நிபுணரை அனுப்புறேன்."

நிபுணரின் பெயர் பக்ரி. மெலிந்த, மரியாதையான மனிதர். காலையில் வந்து ஹால் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. கரிமா டீயில் சர்க்கரை போடும்போது கூர்ந்து பார்த்தார். "குழிவுப் பக்கம் மேலே இருக்கு. கவனிச்சீங்களா? கரண்டியைக் கவிழ்த்துப் பிடிச்சா சர்க்கரை எவ்வளவு மிச்சமாகும்!" என்றார். அவருடைய டீக்கு மட்டும் நேராகப் பிடிக்கச் சொன்னார், அவருக்கு இனிப்பு வேண்டும். மத்தியானம் சாப்பிட்டார். சாயங்காலம் பால்சோறு சாப்பிட்டார். கிளம்பும்போது முகத்தில் கவலையோடு முடிவைச் சொன்னார்.

"அம்மணி, கசிவைக் கண்டுபிடிச்சிட்டேன். இந்த வீட்டுக்கு விருந்தாளிங்க ரொம்ப வர்றாங்க."

கரிமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்!"

"கவலைப்படாதீங்க. விருந்தாளிகளைக் குறைப்பது எப்படின்னு ஆலோசனை சொல்ல ஒரு குழுவை அனுப்பச் சிபாரிசு பண்றேன்."

குழு வந்தது. பெரிய குழு. நாற்காலி போதாமல் என் வீட்டிலிருந்து ரெண்டு எடுத்துப் போனார்கள்.

காற்று மாறத் தொடங்கியது. சாயங்காலமானால் பிளாஸ்டிக் தாள் மெல்லத் துடிக்கும். ருகையா நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நாலடி வைப்பாள், நின்று இருமுவாள், மறுபடி நாலடி வைப்பாள்.

"கதவைத் திறக்காம இருந்துடலாமா, ருகையாப்பா?" என்றாள் கரிமா ஒருநாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான்.

"வீட்டு வாசல்ல வந்தவங்களை எப்படிம்மா திருப்பி அனுப்புறது? சந்துல தலை காட்ட முடியுமா?"

"நீங்க ஏன் ஒவ்வொரு தரமும் சாப்பிடச் சொல்றீங்க?"

"வேணும்னா சொல்றேன்? வாய் தானா சொல்லிடுது. எங்கப்பா சொன்னாரு, அவங்கப்பா சொன்னாரு."

"அவங்க காலத்துல விருந்தாளிக்கு வெட்கம் இருந்துச்சு."

மித்ஹத் சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் திரும்ப வைத்தான். "இன்னும் கொஞ்ச நாள்தான். பரிசு வந்துட்டா எல்லாம் சரியாயிடும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

"பல்லைக் கடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். அதுக்கு மட்டும்தான் செலவில்லை" என்றாள் கரிமா.

பரிசளிக்க டாக்டர் ஷவ்கியே நேரில் வருகிறார் என்று சேதி வந்தது. கூடவே தொலைக்காட்சிக்காரர்கள். கூடவே, டாக்டருக்கு அரிசி அடைத்த புறா பிடிக்கும் என்று மேடம் சுஹைரிடமிருந்து ஒரு ரகசியத் தகவல்.

கிண்ணத்தில் மிச்சமிருந்ததெல்லாம் புறாவாயிற்று. ஜன்னல்தான் வரப்போகிறதே என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சமைக்க உதவ வந்த நபவிய்யாவிடம் கரிமா கேட்டாள்: "இன்னைக்கு நீஷ் தட்டை எடுக்கலாமாம்மா? டாக்டரே வர்றாரு."

நபவிய்யா கதவிடுக்கு வழியாக, படியேறி வந்து திணறிக்கொண்டிருந்த டாக்டர் ஷவ்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனுக்கா? பிளாஸ்டிக் தட்டு போதும்" என்றாள்.

புறாக்கள் முடிந்தபிறகு டாக்டர் நீஷுக்கு முன்னால் நின்று பேசினார். அன்று பார்த்துக் காற்றுப் பலமாக இருந்தது. பிளாஸ்டிக் தாள் அடிக்கிற சத்தம் ஒலிவாங்கியில் விழுகிறது என்று ஒளிப்பதிவாளர் கத்தினார். மித்ஹத் போய், இரண்டு கையையும் விரித்து, முதுகால் அதை அழுத்திக்கொண்டு நின்றான். ருகையா இருமினாள். அதுவும் விழுகிறது என்றார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் நின்றேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"அன்பர்களே! சிக்கனம் என்றால் என்ன? செலவழிக்காமலிருப்பதா? இல்லை. செலவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது! பயன்படாமல் சும்மா கிடக்கிற பொருளே ஒரு வீட்டின் மிகப் பெரிய விரயம். ஆயிரம் பேர் வேலை செய்கிற எங்கள் வாரியத்தில் இதை நாங்கள் தினமும் கண்கூடாகப் பார்க்கிறோம். இதோ, இந்த எளிய குடும்பத்துக்கு எங்கள் வீட்டு மேம்பாட்டுப் பரிசு!"

துணியை விலக்கினார்கள். கண்ணாடியில் செய்த எறும்பு. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். முதுகில் ஒரு கண்ணாடிக் கோதுமை மணி சுமந்திருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் கரிமா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "டாக்டர் சார், ஜன்னல்?"

"எந்த ஜன்னல்?"

"பரிசா ஜன்னல் தர்றதா மேடம் சொன்னாங்க. குழந்தைக்கு…"

டாக்டர் ஷவ்கி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்கு அவள்மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

"மகளே, குளிர் என்பது செலவழிக்கத் துடிக்கிற மனசின் கற்பனை. ஜன்னல் போட்டா அப்புறம் திரை கேட்பே. திரை போட்டா அப்புறம் கம்பளம் கேட்பே. இந்த எறும்பைப் பாரு. அதுக்கு ஜன்னல் இருக்கா? இதை நீஷுல வை. வீட்டுக்கு எப்படி ஒரு மேம்பாடு வருதுன்னு பாரு!"

நீஷில் எறும்புக்கு இடம் பண்ண, சூப் கிண்ணத்தை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. அது காலியாக இருந்ததால் தூக்குவது சுலபமாகத்தான் இருந்தது.

எல்லோரும் இறங்கிப் போனபிறகு கரிமா ஹாலில் உட்கார்ந்து நீஷையே பார்த்தாள். மித்ஹத் பிளாஸ்டிக் தாளிலிருந்து முதுகை எடுத்ததும் அது மறுபடி அடிக்க ஆரம்பித்தது. தாளைப் பார்த்தாள். நீஷைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றான் மித்ஹத் பயந்துபோய்.

"பயன்படாம சும்மா கிடக்கிற பொருள்தான் பெரிய விரயம்னு சொன்னாரில்ல? அந்த மனுஷன் இத்தனை மாசத்துல ஒண்ணு உருப்படியா சொல்லியிருக்காரு. திருப்புளியை எடுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டறை விடுமுறை. ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் நீஷின் கண்ணாடிக் கதவுகள் இரண்டும் கழன்று, ஓட்டையில் கீல் போட்டு நின்றன. மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. வாரியத்தார் 'முன்மாதிரிக் குடும்பம்' என்று எழுதிக் கொடுத்திருந்த பலகை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது, எழுத்து மட்டும் தலைகீழாக நின்றது. கதவை அடித்துக்கொள்ளாமல் திறந்து வைக்க ஒரு கனமான பொருள் தேவைப்பட்டது. கண்ணாடி எறும்பை முட்டுக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் கரிமாவின் ஹாலில் தங்கத் திராட்சைக்கொடியின் நிழல் தரையில் விழுந்தது. ருகையா அந்தக் கொடியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே, அதன்மேல் நடந்து நடந்து பார்த்தாள்.

நீஷுக்குக் கதவு போனபின் உள்ளே தட்டுகளுக்குக் காவல் எதற்கு? பருப்புச் சாறை அதிலேயே ஊற்றிச் சாப்பிட்டார்கள். அப்போது பார்த்து நபவிய்யா வந்துவிட்டாள். வாசலில் நின்று நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"அடிப் பாவி! என் ரத்தத்தை வித்து வாங்கினதுடி! அதுல பருப்பா ஊத்தித் திங்கிறே?"

"கத்தாதேம்மா. நீ சொன்ன விருந்தாளி பொறந்துட்டா" என்று கரிமா, தங்க விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்த ருகையாவைக் காட்டினாள்.

நபவிய்யா வந்து பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விளிம்பைக் கடிக்காம பார்த்துக்கோ, தங்கம் உரிஞ்சிடும்" என்று மட்டும் சொன்னாள்.

பரிசளிப்புப் படங்கள் சரியாக விழவில்லை என்று மறுவாரம் மேடம் சுஹைர் ஒளிப்பதிவாளரோடு வந்தாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவில்லாத நீஷ், வாய் பிளந்த கிழவிபோல் நின்றது.

"நீஷ் எங்கே?"

"அதோ" என்று கரிமா ஜன்னலைக் காட்டினாள்.

மேடம் சுஹைர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "நீஷ் இல்லாத வீடா? என்னடி பண்ணி வச்சிருக்கே? நாங்க எங்கே நின்னு படம் எடுப்போம்?"

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மேடம்" என்றான் மித்ஹத். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கரிமா அவனை முறைக்கவில்லை. பருப்புச் சாறைத் தங்க விளிம்புத் தட்டில் ஊற்றி, காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, எலுமிச்சை ஒரு துண்டு வைத்து மேடத்துக்கு முன்னால் வைத்தாள்.

மேடம் தட்டைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"எனக்குப் பருப்பா? ஒரு அரசாங்க அதிகாரிக்குப் பருப்பா?"

"நாங்க இதைத்தான் மேடம் சாப்பிடுறோம். எப்படிச் சிக்கனமா இருக்கோம்னு பார்க்கத்தானே வந்தீங்க?"

அந்த வீட்டில் மேடம் சுஹைர் வேண்டாம் என்று சொன்னது அன்றுதான். சுற்றறிக்கையை மீறிச் சொன்னாள்.

அந்த வாரமே பட்டம் பறிக்கப்பட்டது. காரணமாக, குடும்பச் சொத்தைச் சிதைத்தல், அதிகாரியை அவமதித்தல், ஆடம்பரத் தட்டுகளை அன்றாடம் பயன்படுத்தும் ஊதாரித்தனம் என்று சொன்னார்கள். எறும்பைத் திருப்பி வாங்க ஒரு ஆள் வந்தான். மித்ஹத் முட்டுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு எறும்பைக் கொடுத்தனுப்பினான். வந்த ஆள் பலகையைக் கவனிக்கவில்லை. தலைகீழாக இருந்ததால் படிக்கத் தெரியவில்லையோ என்னவோ.

பிறகு யாரும் வரவில்லை. சூப் கிண்ணத்தில் சாறு இருந்ததால் காசு இப்போது பால்பவுடர் டப்பாவில் சேர்ந்தது. குளிர் வந்தது. ருகையா ஒரு தரமோ ரெண்டு தரமோ இருமினாள். எல்லாக் குழந்தைகளும் இருமுகிற மாதிரி. எங்கள் சந்தில் இன்னும் சில வீட்டு நீஷ்களுக்குக் கதவு காணாமல் போயிற்று. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுடைய தாய்மார்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலை. நான் எதிர்ப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சந்துக்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றன. டாக்டர் ஷவ்கி இறங்கினார். மேடம் சுஹைர் இறங்கினாள். பின்னால் நிபுணர் பக்ரி, கேமராக்காரர்கள், நான் பார்த்திராத இன்னும் பலர். டாக்டர் புதிதாக ஒரு ஆய்வு எழுதியிருக்கிறாராம். 'நீஷ் கதவின் மாற்றுப் பயன்பாடு.' அதற்காக மறுபடி வெளிநாடெல்லாம் போய்விட்டு வந்து, கடைசியாக இங்கே வந்திருக்கிறார். இதையெல்லாம் கோழிக்கடைக்காரனிடம் டிரைவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்தின் கீழ்க்கதவு பூட்டியிருந்தது. மேடம் சுஹைர் நடுச்சந்தில் நின்று, வாயில் கையைக் குவித்து அண்ணாந்து கத்தினாள்.

"கரிமா! அடி கரிமா! உன்னை மறுபடியும் முன்மாதிரி ஆக்கியாச்சு! கதவைத் திற!"

ஐந்தாம் மாடியில் தங்கத் திராட்சைக்கொடி விலகியது. இடுப்பில் குழந்தையோடு கரிமா எட்டிப் பார்த்தாள். கார்களைப் பார்த்தாள், கேமராக்களைப் பார்த்தாள். ருகையாவின் கையைப் பிடித்து அவர்களுக்கு ஆட்டிக் காட்டினாள்.

"வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று நடு ஆற்றிலிருந்து கூப்பிடுகிறவள்போல் குரலெடுத்துச் சொன்னாள். "ஒருநாள் அவசியம் சாப்பிட வரணும்!"

பிறகு ஜன்னலைச் சாத்தினாள். அது நன்றாகவே சாத்திக்கொண்டது. கீழே மேடம் சுஹைரின் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு சத்தமும் கேட்டிருக்காது.